வெள்ளவத்தைக் கடற்காற்றும் என் விட்ஸின் முன் பிரேக்கும்

இடது முன் சில்லிலிருந்து கழற்றிய இரண்டு பிரேக் பேட்களையும் சீமெந்துத் தரையில் அருகருகே வைத்தேன். பேட் என்பது சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. வெளிப் பேட்டில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு லைனிங், அதாவது தேய்கிற உராய்வுப் படை, மீதி இருந்தது. உள் பேட்டில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதிலும் ஒரு முனை கூடுதலாகத் தேய்ந்து சாய்வாகக் கிடந்தது. இரண்டும் ஒரே டிஸ்க்கைத்தான் பிடித்தன, ஒரே பெடலுக்குத்தான் வேலை செய்தன. வலப்பக்கச் சில்லில் இரண்டு பேட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இடது பக்கத்துக்குப் புதுப் பேட்டை மாட்டிச் சில்லைப் பூட்டியிருந்தால் அதுவும் சீக்கிரமே இதே கதிக்கு வந்திருக்கும்.

கார் 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், கே.எஸ்.பி. 90 சேஸி, ஒரு லீட்டர் எஞ்சின். கொழும்பில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஒன்று போகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும் வரைக்கும் கையில் இருந்த காரைக் காப்பாற்றுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் ஒயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது என்று ஒவ்வொன்றாக நானே செய்யப் பழகினேன். பிரேக்கில் கை வைக்க மட்டும் நீண்ட நாள் தயங்கினேன். ஒவ்வொரு வருஷமும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம், லைசன்ஸ் புதுப்பிக்கிறோம். அந்தப் பரிசோதனையில் பிரேக்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது சொந்தக்காரன் கணக்கில் விட்ட விஷயம்.

முதலில் வந்தது சத்தம். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மெல்லிய கீச்சுச் சத்தம். பேட்டின் பின்தகட்டில் சின்னதாக ஓர் இரும்பு நாக்கு இருக்கும். லைனிங் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. முந்தைய சேர்விஸில் ஒரு கராஜில் "பிரேக் எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொனெட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஒயில் டப்பா மேல்கோடு வரை நிறைந்திருந்தது. இது கவனிக்க வேண்டிய இடம். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். கசிவு இல்லாத காரில் மட்டம் மெல்ல இறங்குகிறது என்றால் பேட் தேய்கிறது என்று அர்த்தம். ஒயிலைப் பார்த்ததும் மேலே ஊற்றி நிரப்பிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அது அந்த அடையாளத்தை அழித்துவிடுகிறது.

எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம் சரிவு. போதாததற்கு அங்கே சில்லைக் கழற்றினால் நிர்வாகக் குழுவிலிருந்து ஆள் வந்துவிடும். அதனால் தெஹிவளையில் அக்கா வீட்டு முற்றம். சமதரை, சீமெந்து, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் தொடங்கவே வேண்டாம்.

கார் தரையில் நிற்கும்போதே சில்லு நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், 21 மில்லிமீட்டர் சொக்கெட். ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். பிறகுதான் ஜக். ஜக் என்பது தூக்க மட்டும். தூக்கிய காரை, அதைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டில் இறக்க வேண்டும், கழற்றிய சில்லைப் படுக்கையாகக் காருக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்து அதன் கீழே கை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் உடையும்.

பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் இரும்புப் பிடிதான் கலிப்பர். விட்ஸின் முன்பக்கம் இருப்பது மிதக்கும் கலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள் பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (pin, உருளைக் கம்பிகள்) மேல் வழுக்கி, மறுபக்கத்திலிருந்து வெளிப் பேட்டை இழுத்து டிஸ்க்கில் சேர்க்கும். காலை எடுத்ததும் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் அழுத்தத்தில் கொஞ்சம் முறுகும், அழுத்தம் போனதும் நிமிரும், நிமிரும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான் பிரேக்கின் விடுதலை. இந்த ஏற்பாடு முழுவதும் அந்த இரண்டு பின்கள் வழுக்குவதை நம்பி நிற்கிறது. பின் இறுகினால் உள் பேட் மட்டும் உழைக்கும், வெளிப் பேட் சும்மா பக்கத்தில் நிற்கும். என் இடது சில்லில் நடந்தது அதுதான்.

கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு 14 மில்லிமீட்டர் போல்ட்களையும் எடுத்தேன். கலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது, அதன் பாரத்தில் ஹோஸ் உள்ளுக்குள் பிய்யும். கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட்டேன். மேல் பின் விரலால் தள்ளவே உள்ளே வெளியே ஓடியது. கீழ்ப் பின் அசையவில்லை. ஸ்பனரால் மெல்லச் சுழற்றிச் சுழற்றி இழுத்ததில் கரகரவென்று வெளியே வந்தது. அதன் ரப்பர் உறையில் மடிப்போரம் கீறல் இருந்தது. கிரீஸ் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை, செந்நிறத் துருப்பொடி காய்ந்து ஒட்டியிருந்தது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரவு முழுவதும் திறந்தவெளியில் நிற்கிற கார். உப்பும் ஈரமும் அந்தக் கீறல் வழியாகத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பேட் தேய்மானத்தைவிட இந்தப் பின்னைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேட் தேய்ந்தால் கத்தும், பின் இறுகினால் சத்தமே வராது.

சாமான் வாங்கப் போனது வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. கார் ஸ்டாண்டில் நிற்கிறது, அதனால் பழைய பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெஹிவளையில் ரயில் ஏறினேன். மருதானையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கடைக்காரர் சேஸி இலக்கத்தைக் கேட்டுவிட்டு, "பழைய சாமான் கையில இருக்கா தம்பி?" என்றார். எடுத்து வைத்தேன். அவர் உள்ளேயிருந்து கொண்டுவந்த முதல் பெட்டியில் இருந்த பேட் பார்வைக்கு அதேதான், ஆனால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் சற்று அகலம். விட்ஸ் என்று பெயர் ஒன்று என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே பேட் வராது. ஒரு லீட்டர், 1.3, 1.5 என்று எஞ்சினுக்கு ஏற்ப மாறலாம். பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோவது அதற்காக.

விலையில் ஒரே காருக்கு ஏழெட்டு ரகம் இருக்கிறது. மிகக் குறைந்ததற்கும் ஜப்பான் பெட்டிக்கும் பல மடங்கு வித்தியாசம். பெட்டியை வைத்து மயங்கக் கூடாது, பெயர்பெற்ற பெட்டிக்குள் வேறு சரக்கு வருவதும் உண்டு. நான் பார்ப்பது பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியை. அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், எஃப் எஃப் என்றோ ஜி எஃப் என்றோ. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது எவ்வளவு என்பதற்கு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து நன்றாக இருந்து இரண்டாவது எழுத்து இறங்கியிருந்தால், நகரத்துக்குள் நன்றாகப் பிடித்துவிட்டு மலை இறக்கத்தில் கைவிடும் பேட் அது. எழுத்தே இல்லாத பேட்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எஃப் எஃப் ஒன்று நடுத்தர விலையில் கிடைத்தது. கூடவே பின் ரப்பர் உறைத் தொகுதி ஒன்று, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்று விற்கும் ரப்பர் கிரீஸ், ஒரு லீட்டர் டொட் 3 (DOT 3) தரப் பிரேக் ஒயில்.

கிரீஸ் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். வீட்டில் டப்பாவில் கிடக்கிற சாதாரண பெயரிங் கிரீஸ் பெற்றோலியத்திலிருந்து வருவது. அது பட்டால் இந்த ரப்பர் ஊதிப் பருத்துவிடும், பருத்த ரப்பர் பின்னை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டொயோட்டா சொல்வது லித்தியம் சோப் கிளைக்கோல் வகை, இளஞ்சிவப்பாக இருக்கும். பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸும் சரிவரும்.

இனிச் சுத்தம் செய்வது. உண்மையான வேலையே இதுதான், பேட் மாற்றுவது ஐந்து நிமிஷக் காரியம். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், கொம்பிரசர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஸ்பிரேயால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் மெல்லிய துருப்பிடிக்காத தகடு ஒன்று கௌவியிருக்கும். அதைக் கழற்றினேன். தகடு பளபளவென்று இருக்கிறது, அதன் அடியில் பேட்களைத் தாங்கும் பிராக்கெட்டின் இரும்பு பொருக்குப் பொருக்காகத் துருவேறி நிற்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அடியில் துரு பருக்கப் பருக்கத் தகட்டை மேலே தள்ளும், பேட் ஓடும் பாதை நெருங்கும். உள் பேட்டின் ஒரு முனை சாய்வாகத் தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கம்பி பிரஷ், பிறகு அரம், பிறகு மண்தாள் என்று வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். தகட்டைத் திரும்ப மாட்டிப் புதுப் பேட்டை வைத்துப் பார்த்தால் இன்னும் இறுக்கம். புதுப் பேட்டின் காதில் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட் தடிப்பு. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் விரல் நுனியால் தள்ளப் போய் வந்தது. அளவு இதுதான்: சுத்தியல் தேவைப்பட்டால் பொருத்தம் தவறு, விரலால் ஓட வேண்டும்.

பின் துளைக்குள் ஸ்பிரே அடித்து, துணியைச் சுருட்டி விட்டு எடுத்து, மறுபடி அடித்து, துணி வெள்ளையாக வரும்வரை செய்தேன். பின்னைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் மெல்லிய மண்தாளால் வழித்தேன். குழி விழுந்திருந்தால் புதுப் பின்தான் போட வேண்டும், எனக்கு விழவில்லை. இரண்டு பின்களும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது உறை, மெல்லிய படலமாகக் கிரீஸ். வழியவழியப் பூசினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின்னைத் திரும்ப வெளியே தள்ளும்.

டிஸ்க்கை மாற்றவில்லை. குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது டிஸ்க்கின் நடுமேட்டிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். வேர்னியரால் அளந்தேன், இடம் இருந்தது. விளிம்பில் தேயாத வரம்பு நின்றால் வேர்னியரின் தாடை அதில் உட்கார்ந்து கூட்டிக் காட்டும், அதனால் வரம்புக்கு உள்ளே வைத்து அளக்க வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன், டப்பாவிலிருந்து ஒயிலில் பாதியை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். மேல்கோடு வரை நிரப்பி வைத்திருந்தார்களே, அப்படியே தள்ளினால் வழிந்து ஓடும். பிரேக் ஒயில் காரின் பெயின்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி கிளாம்பால் மெதுவாகத் திருகினேன். நேராகப் போனது, நடுவில் எங்கும் திக்கவில்லை. பேட், கலிப்பர், போல்ட். போல்ட்டுக்கு 34 நியூட்டன் மீட்டர் என்று சேர்விஸ் புத்தகம் சொல்கிறது. கை முறுக்கில் எல்லோரும் இதைவிட அதிகம்தான் இறுக்குவார்கள், அதனால் முறுக்கை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சை இரவல் வாங்கியிருந்தேன். வலப்பக்கம் இதே வேலை, பாதி நேரத்தில் முடிந்தது.

பின்பக்கச் சில்லுகளில் இருப்பது டிரம் பிரேக், சுழலும் கிண்ணத்துக்குள்ளிருந்து லைனர் விரிந்து பிடிப்பது. ஹாண்ட் பிரேக்கை விட்டு, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை P (பார்க்) நிலையில் போட்டுக்கொண்டேன். டிரம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் அடிக்க வேண்டாம், அதன் முகத்தில் இரண்டு திருகு துளைகள் இருக்கின்றன. எட்டு மில்லிமீட்டர் போல்ட்களை இரண்டிலும் மாறிமாறித் திருகினால் தானாகக் கழன்று வரும். லைனர் தடிப்பாகவே இருந்தது, லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. நனைத்துத் துடைத்துப் பூட்டியதோடு சரி.

அப்புறம் ஒயில். பழைய ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது, புதியது மங்கிய மஞ்சளாகத்தான் இருக்கும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஹோஸ் ரப்பர் வழியாகக்கூட உள்ளே வாங்கும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்குரிய வரம்பு 140 பாகைதான். டொட் 4 என்றால் 230, 155. காலி வீதி நெரிசலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடும் மரக்கறி மூட்டையோடும் றம்பொடைப் பக்கமாக இறங்கும்போதுதான் தெரியும். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், பேட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. கொழும்பின் ஈரப்பதத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை. டொட் 3 இருக்கும் இடத்தில் டொட் 4 ஊற்றலாம். டொட் 5 மட்டும் சிலிக்கோன், இவற்றோடு கலக்கவே கூடாது.

ஓட்டுநர் இருக்கையில் மகள். பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தேன், தரை வரை போகாதபடி. பெடலோடு சேர்ந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதென்றால் அதில் வழக்கமாகச் சீல் போகாத பகுதி சொரசொரப்பாக இருக்கும், பெடலை அடிவரை மிதித்தால் அங்கே போய்ச் சீல் கிழியலாம். இடது பின் சில்லில் தொடங்கினேன், மாஸ்டரிலிருந்து அதுதான் தூரம். ஒயிலை வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான ரியூப், மறுமுனை பழைய ஒயில் ஊற்றிய போத்தலுக்குள்.

"அமத்து."

"அமத்திட்டன்."

"அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரு, நான் சொல்லுமட்டும் விடாதை."

நிப்பிளைத் திறந்தேன். "அப்பா, கீழ போகுது!" போகட்டும், போகத்தான் வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". இந்த ஒழுங்கு மாறினால் ரியூப் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். ரியூபில் பழுப்பு போய் மஞ்சள் வந்ததும் அடுத்த சில்லு. நடுநடுவே டப்பாவை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அது காலியானால் பட்ட பாடெல்லாம் வீண். பழைய ஒயிலைப் போத்தலில் மூடி, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்தேன். கானுக்குள் ஊற்றினால் அது போவது கால்வாய்க்கும் கடலுக்கும்.

சில்லு நட்டுகள் 103 நியூட்டன் மீட்டர், குறுக்காக மாறிமாறி. காரை அசைக்கும் முன் பெடலை நின்ற இடத்திலேயே பலமுறை மிதிக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும் வரை முதல் சில மிதிகளில் பிரேக்கே இருக்காது. இதை மறந்து முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் மதில்தான் நிறுத்தும்.

புதுப் பேட் டிஸ்க்கில் படிய வேண்டும். ஞாயிறு விடியலில் மரைன் டிரைவ். நடக்கிறவர்களும் ரயிலும் தவிர வேறு நெரிசல் இல்லை. ஐம்பதில் போய், நிதானமான அழுத்தத்தில் பத்துப் பதினைந்துக்குக் குறைத்து, முழுதாக நிற்காமல் மீண்டும் வேகமெடுத்து, இடையில் ஆற விட்டு இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடி நின்றால் பேட்டின் பொருள் ஓரிடத்தில் படிந்து பிறகு நடுக்கம் கொடுக்கும். முதல் சில மிதிகளில் வழவழப்பாக இருந்த பிடி போகப் போக இறுகியது. இறங்கி இரண்டு முன் சில்லுகளின் ரிம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். முன்பு இடது எப்போதும் வலதைவிடச் சூடாக இருக்கும், இப்போது இரண்டும் ஒரே சூடு. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளைத் திரும்ப ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணா அன்று முழுவதும் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, என்ர அக்குவாவுக்கும் இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டார். அக்குவா டொயோட்டாவின் ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார். அது வேறு சங்கதி. அதில் பிரேக் அழுத்தத்தை மின்பம்ப் உண்டாக்குகிறது, ஓட்டுநர் கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றலாம். கலிப்பர் கழன்றிருக்கும்போது அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் ஒயில் மாற்றுவதற்கும் ஸ்கேனர் வேண்டும். டோர்ச்சை அடித்து ரிம் இடுக்கு வழியாகப் பார்த்தேன், வெளிப் பேட் தாராளமாக இருந்தது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே எடுத்துக்கொள்வதால் ஹைபிரிட்டில் பேட் நீண்ட காலம் வரும். பேட் தேயாததால் வருஷக்கணக்கில் யாரும் சில்லைக் கழற்றி உள்ளே பார்ப்பதுமில்லை, அந்தக் காலம் முழுவதும் பின்கள் உப்பில் ஊறுகின்றன. அடுத்த சேர்விஸில் பேட் மாற்றச் சொல்லாவிட்டாலும் முன் சில்லுகளைக் கழற்றிப் பின்களுக்குக் கிரீஸ் போடச் சொல்லுங்கள், உள் பேட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.